ஒரே வசனத்தை மரபு விரிவுரையிலும் நவீன விரிவுரையிலும் வாசிக்கும் முறை

குர்ஆன் விரிவுரையில் மரபுவழி அணுகுமுறையும் நவீன அணுகுமுறையும் எங்கே பிரிகின்றன என்பதை அறிய, ஒரே வசனத்தை இரண்டிலும் தேடி வாசிப்பதே நல்ல வழி. பலதார மணம் குறித்த அந்நிஸா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் இதற்கு மிகவும் ஏற்றது.

முதலில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களையும், அதே அத்தியாயத்தின் 127, 129ஆம் வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். நான்கு மனைவியர் வரையிலான அனுமதி, அநாதைகளிடம் நீதியாக நடக்க முடியாதோ என்று அஞ்சுவோரிடம் பேசும் வாக்கியத்திற்குள்ளேயே வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அடுத்து மரபு அறிஞர் தபரீயின் தஃப்சீரை, அதாவது குர்ஆன் விரிவுரையை, திறவுங்கள். 923இல் மறைந்த அவர், ஒவ்வொரு கருத்தையும் அறிவிப்பாளர் தொடருடன், அதாவது அதை யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற வரிசையுடன் தருகிறார். தம் பொறுப்பிலுள்ள அநாதைப் பெண்ணின் செல்வத்தையும் அழகையும் விரும்பி, உரிய மஹர் (மணக்கொடை) தராமல் மணக்க நினைத்த பாதுகாவலர்களைப் பற்றியது இவ்வசனம் என நபியின் மனைவி ஆயிஷா (ரலி), தம் சகோதரியின் மகன் உர்வாவுக்கு அளித்த விளக்கம் அவற்றில் ஒன்று. வேறு விளக்கங்களையும் எடுத்துரைத்த பின்னரே தபரீ தம் தேர்வைச் சொல்கிறார். மரபு ஒற்றைக் குரலன்று என்பதை இங்கே நேரில் காணலாம்.

பிறகு 129ஆம் வசனத்திற்கு வாருங்கள். உண்மையான பிரிவு இங்கேதான். மனைவியரிடையே நீதி செலுத்த உங்களால் இயலாது என்று அது கூறுகிறது. அந்த இயலாமை மனத்தின் அன்பைக் குறித்தது என்றும், 3ஆம் வசனம் கோரும் நீதி உணவு, உடை, உறைவிடம், மனைவியரிடையே இரவுகளைப் பகிரும் முறை ஆகியவற்றைக் குறித்தது என்றும் மரபு அறிஞர்கள் விளக்கினர். எகிப்தின் சீர்திருத்த அறிஞர் முஹம்மத் அப்துஹுவோ, தம் காலக் குடும்பங்களில் கண்ட கேடுகளை முன்னிறுத்தி, இரு வசனங்களையும் இணைத்து, நீதி என்ற நிபந்தனையை நிறைவேற்றுவது மிக அரிது என்றார். இவ்விளக்கம் அவருடைய மாணவர் ரஷீத் ரிழாவின் அல்மனார் விரிவுரையில் இடம்பெற்றுள்ளது. இருபதாம் நூற்றாண்டுப் பாகிஸ்தானிய அறிஞர் ஃபஸ்லுர் ரஹ்மான், சட்டத்தின் பின்னுள்ள அறநோக்கை ஏழாம் நூற்றாண்டுச் சூழலில் கண்டறிந்து இன்றைக்குப் பொருத்த வேண்டும் என்று வாதிட்டார். துனீசியா 1956இல் பலதார மணத்தையே தடைசெய்தது.

இறுதியாக, ஒவ்வொரு தரப்பிடமும் அதற்குக் கடினமான கேள்வியையே கேளுங்கள். "ஒருத்தியை அந்தரத்தில் விட்டுவிடாதீர்கள்" என்று 129ஆம் வசனம் தொடர்வதால், பல மனைவியருள்ள குடும்பத்தை அது ஏற்றுக்கொண்டே பேசுகிறது என்பதற்கு நவீன விரிவுரையாளர் தரும் விடை என்ன? அநீதிக்கு அஞ்சினால் ஒருத்தியே என்ற 3ஆம் வசனத்தின் கட்டளையை, அந்த அச்சம் சமூகமெங்கும் பரவியுள்ள காலத்தில், மரபு அறிஞர் தனிமனிதரின் மனச்சாட்சிக்கு மட்டும் விடுவாரா?