ஊரடங்கு நாட்களில் வீட்டிலேயே கருவாடு போடும் முறை

2020 மார்ச் 20 மாலை இலங்கை முழுக்கக் கொரோனா ஊரடங்கு போட்டதில் இருந்து, மீன்காரர் எப்போது வாசலுக்கு வருவார் என்று சொல்ல முடியாமல் இருந்தது. வந்த நாளில் கூடுதலாக வாங்கினால் பிரிஜ் கொள்ளவில்லை. மிஞ்சியதைக் கருவாடாக்குவதுதான் வழியாக இருந்தது. கருவாட்டுக்கு வெயில்தான் முக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் உப்பு, அடுத்து காற்று, அதற்குப் பிறகுதான் வெயில்.

பாரை, கட்டா, சீலா போன்றவை நல்லது. சூடையும் சாளையும் போடலாம். ஆனால் கொழுப்புக் கூடிய மீன் சீக்கிரம் மஞ்சளாகிக் காறல் அடிக்கும், அதை இரண்டு மூன்று கிழமைக்குள் சமைத்து முடியுங்கள். சூரை, கும்பளா, சாளை ஆகியவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்திருந்தால் வாங்கவே வேண்டாம். அவற்றில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உப்பிலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடிக்கும்.

அந்த நாட்களில் மீன் வாங்கும்போது முகக்கவசம் போட்டு, தள்ளி நிற்க வேண்டியிருந்தது. காசு கை மாறியதும் சவர்க்காரம் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். மீனுக்குச் சவர்க்காரமோ குளோரினோ வேண்டாம், நல்ல தண்ணீர் போதும். வீட்டில் காய்ச்சல், இருமல் உள்ளவர் இந்த வேலைக்கு வரக்கூடாது.

செதில், குடல், செவுள் எல்லாம் எடுத்து, முதுகுப் பக்கமாகப் பிளந்து விரியுங்கள். முள்ளோடு ஒட்டிய இரத்தத்தை விரலால் சுரண்டிக் கழுவ வேண்டும், நாற்றம் தொடங்குவது அங்கேதான். தடித்த சதையில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கீறல் போடுங்கள்.

சுத்தம் செய்த 1 கிலோ மீனுக்கு 300 கிராம் கல்லுப்பு. சிறு மீன் என்றால் 200 முதல் 250 கிராம் போதும். தூள் உப்பு மட்டும் போட்டால் மேற்சதை உடனே இறுகிவிடும், உள்ளுக்கு உப்பு இறங்காது. கல்லுப்பை அம்மியில் ஒன்றிரண்டாக உடைத்து, கீறல்களுக்குள் அழுத்தித் தேயுங்கள். பிளாஸ்டிக் பேசினில் தோல் கீழே இருக்க அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் உப்புத் தூவி, கடைசி அடுக்கைக் கவிழ்த்து வைத்து, மேலே தட்டும் கழுவிய கல்லும் ஏற்றுங்கள். விடிவதற்குள் உப்புநீர் ஊறி மேலே வரும். அந்த நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற துண்டுதான் முதலில் கெடும், அதை அழுத்திவிடுங்கள். மெல்லிய மீனுக்கு ஒரு நாள், தடித்ததற்கு இரண்டு நாள்.

எடுத்துச் சில விநாடி மட்டும் தண்ணீரில் அலசி, நீர் வடியவிட்டுக் காய வையுங்கள். மணலில் போடாதீர்கள். இடுப்பளவு உயரத்தில் தடி கட்டி, அதன்மேல் வலை விரித்தால் அடியிலும் காற்றுப் போகும். முதல் நாள் ஈரத்தில்தான் இலையான் முட்டை இடும், ஆகவே நுளம்பு வலையால் நாலு பக்கமும் மூடி ஓரத்தைச் செருகுங்கள்.

சித்திரை வெயில் கடுமை. முதல் நாளே உச்சி வெயில் பட்டால் மேலே மொறுமொறுப்பாகி, உள்ளே ஈரம் அடைபட்டு அழுகும். 11 மணி முதல் 3 மணி வரை கிடுகு நிழல் கொடுங்கள். வைகாசிக்குப் பிறகு கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் நிழலிலேயே நன்றாகக் காயும். பின்னேரம் உள்ளே எடுத்து, அடுக்கிப் பாரம் வையுங்கள். இரவில் உள்ளீரம் மேலே வந்து, மறுநாள் காய்ந்துவிடும். மூன்று நாலு நாளில் முடியும். கட்டை விரலால் தடித்த இடத்தை அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. 1 கிலோ மீன் அரைக் கிலோவுக்கும் குறைந்திருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாரியில் இந்த வேலையைத் தொடங்காமல் விடுவது நல்லது. தொடங்கிய பிறகு மழை பிடித்தால், மீனை உப்புநீரில் மூழ்கடித்தபடி இன்னும் இரண்டு நாள் வைத்திருக்கலாம்.

வெயில் சூட்டோடு பொலித்தீன் பையில் கட்டினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆறவிட்டு, கடதாசி சுற்றி ஓலைப்பெட்டியில் வைத்து, கிழமைக்கு ஒரு தரம் வெயில் காட்டுங்கள். சிவப்புப் பூத்து வழுவழுப்பானால் கழுவிப் பார்க்காமல் எறியுங்கள். வண்டு வந்தால் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. தட்டி உதறி, நல்ல வெயிலில் மீண்டும் காயவிடுங்கள்.

சமைக்க முன் சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டு அந்த நீரை ஊற்றிவிடுங்கள். குழம்புக்கு உப்பு கடைசியில், ருசி பார்த்த பிறகுதான். பிரஷர் உள்ளவர்கள் இரண்டு முறை ஊறவைத்தாலும் ஒரு சிறு துண்டோடு நிறுத்த வேண்டும்.