தீவிரவாதி என்று முத்திரை குத்தினால்: மதுரை வட்டாரப் போராட்டக்காரர்களுக்கு ஒரு கையேடு

ஆர்ப்பாட்டம் என்று வாயெடுத்தாலே "வெளியூர்க்காரன் தூண்டிவிடுறான்", "நக்சல் ஊடுருவிட்டான்", "தேசத்துரோகி", "மதவெறியன்" என்று ஏதாவது ஒன்று வந்து விழும். இதற்குக் கட்சி வித்தியாசம் கிடையாது. இன்று சொல்கிறவர் நாளைக்கு வாங்கிக்கொள்வார். மேடையில் விழுந்த வசவை மேடையோடு விட்டுவிடலாம். அதே சொல் அனுமதி மறுப்பு ஆணையிலோ எஃப்.ஐ.ஆரிலோ ஏறிவிட்டால்தான் வேலை இருக்கிறது. அங்கே தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாலும் பயனில்லை, காகிதம்தான் பேசும்.

பட்டியலைப் பாருங்கள்

"தீவிர எண்ணம் கொண்ட அமைப்பு" என்று யாரும் எழுதலாம். சட்டத்துக்குத் தெரிந்தது பட்டியல் மட்டும்தான். 1967-ஆம் ஆண்டின் ஊபா சட்டத்தில் (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) பயங்கரவாத அமைப்புகள் முதல் அட்டவணையில் இருக்கின்றன. விடுதலைப் புலிகள், மாவோயிஸ்ட் கட்சி எல்லாம் அதில் வருகின்றன. 2019 திருத்தத்துக்குப் பிறகு தனிநபர்களையும் நான்காம் அட்டவணையில் சேர்க்கலாம். பலர் கோட்டைவிடுவது மூன்றாவது இடத்தில். 3-ஆவது பிரிவின் கீழ் "சட்டவிரோதச் சங்கம்" என்று தனி அறிவிக்கை வரும். 2022 செப்டம்பரில் பாப்புலர் ஃப்ரண்ட் தடை செய்யப்பட்டது அந்த வழியில்தான். அட்டவணையை மட்டும் புரட்டிவிட்டு "பேர் இல்லையே" என்று இருந்துவிடாதீர்கள்.

கூட்டமைப்பாகப் போராட்டம் நடத்தினால், சேர்கிற ஒவ்வொரு அமைப்பின் பெயரையும் மூன்று இடத்திலும் சரிபார்த்துக் குறித்து வையுங்கள். தடை செய்யப்பட்ட சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே குற்றம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெறும் உறுப்பினர் என்பதால் குற்றமாகாது என்ற 2011 தீர்ப்பு இப்போது உதவாது. ஆனால் ஒரு கொள்கை மனசுக்குள் இருப்பது வேறு விஷயம். மாவோயிஸ்டாக இருப்பதே குற்றமாகிவிடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2015-இல் சொன்னது, பிடித்துவைக்கப்பட்ட ஒருவரின் வழக்கில்தான்.

அனுமதி மனு

மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையரிடம். மாநகரக் காவல் சட்டம் 41-ஆவது பிரிவின்படி குறைந்தது 5 நாள் முன்பே கொடுக்க வேண்டும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் என்றால் உள்ளூர் ஸ்டேஷன் வழியாக டி.எஸ்.பி.க்கு, அங்கே பெரும்பாலும் கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் முன் அனுமதி கேட்கும் காவல் சட்டம் 30(2) அமலில் இருப்பதாகச் சொல்வார்கள். 5 நாள் என்பதை நம்பி ஐந்தாவது நாள் போகாதீர்கள். மறுப்பு முந்தின நாள் ராத்திரி 9 மணிக்குக் கையில் வரும், ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைக்கு ஓட நேரமிருக்காது. 10 நாள் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

மனுவில் இடம், தொடங்கும் மணி, முடியும் மணி, எத்தனை பேர், எத்தனை ஒலிபெருக்கி, பொறுப்பாளர்கள் மூவரின் பெயரும் செல்பேசி எண்ணும் இருக்கட்டும். கோரிக்கையை இரண்டு வரியில் எழுதுங்கள். அரை பக்கம் ஆவேசம் எழுதினால் அதிலிருந்தே ஒரு வரியைப் பிடுங்கி மறுப்பில் போடுவார்கள். மாற்று இடம் இரண்டு குறிப்பிடுங்கள். ஊர்ப் பிரச்சினை என்றால் கிராம சபைத் தீர்மான நகலை இணையுங்கள். டங்ஸ்டன் சுரங்க ஏல விவகாரத்தில் மேலூர் வட்டார ஊராட்சிகள் 2024 நவம்பரில் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றமும் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று தமுக்கத்துக்கு நடந்து வந்த கூட்டத்தை வெளியூர்க்காரர் வேலை என்று ஒதுக்க முடியாமல் போனதற்கு அந்தத் தாள்களும் ஒரு காரணம். ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது.

மனுவின் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். "வச்சுட்டுப் போங்க, சொல்றோம்" என்றால் அன்றே பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.

மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். "சமூக விரோதிகள் ஊடுருவ வாய்ப்பு" என்று பொதுவாக இருந்தால், யார், எந்த அமைப்பு, எந்த அறிவிக்கை என்று கேட்டு ஒரு பதில் மனு கொடுத்துவிட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போங்கள். முத்திரை வாங்கிய மனு, மறுப்பு ஆணை, பதில் மனு மூன்றும் இருந்தால் வழக்கறிஞர் அவசர வழக்காகவே முறையிடலாம். நீதிபதி முதலில் கேட்பது மாற்று இடத்தைத்தான். 2025 பிப்ரவரியில் திருப்பரங்குன்றம் மலை விவகாரத்தில் தடையுத்தரவு இருந்தபோதும், பழங்காநத்தத்தில் நேரம் குறித்து நிபந்தனையோடு ஆர்ப்பாட்டத்துக்கு நீதிமன்றம் வழிவிட்டது. கேட்ட இடமே வேண்டும் என்று அடம் பிடித்தால் நாள் போய்விடும்.

தடையுத்தரவு என்றாலும் வாய்மொழியை ஏற்காதீர்கள். பழைய 144, 2024 ஜூலை முதல் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 163. எழுத்தில் இருக்க வேண்டும், மாநில அரசு நீட்டினால் ஒழிய 2 மாதத்துக்கு மேல் நீளாது. வெளியிடப்பட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மண்டபத்துக்குக் கொண்டுபோனால்

கல்யாண மண்டபத்தில் அடைத்துச் சாயங்காலம் விடுவது வழக்கம்தான். அங்கே பெயர், முகவரி எழுதும்போது "எந்த அமைப்பு" என்ற கட்டத்தை அவர்களே நிரப்ப விடாதீர்கள், பார்த்துத்தான் கையெழுத்து. வெற்றுத்தாளில் ஒருபோதும் போடாதீர்கள். வெளியே நிற்கும் ஒருவரிடம் உள்ளே போனவர்களின் பட்டியல் இருக்கட்டும்.

எஃப்.ஐ.ஆரை மாநிலக் காவல்துறை இணையதளத்தில் எடுக்கலாம். பிரிவுகளை மட்டும் பார்க்காமல் நடுவில் இருக்கும் கதையையும் படியுங்கள், முத்திரை அங்கேதான் ஒளிந்திருக்கும். பி.என்.எஸ். (பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 189, 126, 223, 285 என்றால் வழக்கமான மறியல் வழக்கு. பழைய இ.பி.கோ. 188-இல் (உத்தரவை மீறுதல், இப்போதைய 223) போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, அமைதியான போராட்டம் 143 (சட்டவிரோதக் கூட்டம்) ஆகாது என்று 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் மதுரைக் கிளை வழிகாட்டுதலே தந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகல் ஒவ்வொரு அமைப்பு அலுவலகத்திலும் கிடக்க வேண்டிய ஒன்று. 113 (பயங்கரவாதச் செயல்), 152 (நாட்டின் இறையாண்மைக்கு ஆபத்து), 196 (பகைமை தூண்டுதல்), 353 (பொது அமைதியைக் கெடுக்கும் பேச்சு) அல்லது ஊபா என்று கண்ணில் பட்டால் அன்று ராத்திரியே வழக்கறிஞர் வேண்டும். ஊபாவில் குற்றப்பத்திரிகைக்கான காலம் 180 நாள் வரை நீளும், ஜாமீனும் அதைக் கடினமாக்கும் 43டி(5) பிரிவில் முட்டி நிற்கும்.

கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தராத ஊபா கைது ஒன்றை 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்கு அழையுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண்.

அடுத்தது ரிமாண்ட், அதாவது காவலில் வைக்க மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடும் கட்டம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்துவார்கள். முத்திரை முதன்முதலாக உரசிப் பார்க்கப்படும் இடம் அதுதான். வாடிப்பட்டி வழக்கு நல்ல பாடம். சிறுமலைக்குச் சுற்றுலா போன இடதுசாரி அமைப்பைச் சேர்ந்தவர், படத்துக்குக் கீழே துப்பாக்கிப் பயிற்சிக்குப் போனதாக வேடிக்கையாக எழுதினார். போலீஸ் இ.பி.கோ. 122 வரை போட்டது. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்ப்பது! மாஜிஸ்ட்ரேட் ரிமாண்ட் செய்ய மறுத்தார், 2021 டிசம்பரில் மதுரைக் கிளை எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்தது. அந்தப் படத்தில் துப்பாக்கியும் இல்லை, தோட்டாவும் இல்லை. ரிமாண்டில் வழக்கறிஞர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: பொருள் எங்கே, திட்டம் எங்கே? கேலி செய்வதில் தப்பில்லை என்றாலும், போராட்ட வாரத்தில் வெடி, துப்பாக்கி ஜோக்கெல்லாம் ஆறப்போடுங்கள்.

பேச்சு, பாட்டு, பதிவு மட்டும்தான் குற்றச்சாட்டு என்றால் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டலாம்: 3 முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய பேச்சு வழக்குகளில் முதலில் பூர்வாங்க விசாரணை நடத்துவதே பொருத்தம்.

வாட்ஸப்பில் வந்தால்

பதில் போடும் முன் சாட்சியத்தை எடுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் கோர்ட்டில் நிற்காது; புதிய சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழ் ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) வேண்டும். செய்தி வந்த போனை மாற்றாதீர்கள், அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.

"போராடுகிறவன் எல்லாம் தீவிரவாதி" என்பதற்கு அவதூறு வழக்கு போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்; யாரென்று அடையாளம் தெரியாது. "இன்னார் தடை செய்த இயக்கத்திடம் பணம் வாங்கினார்" என்று பெயர் சொல்லிப் பொய்த் தகவல் வந்தால் பி.என்.எஸ். 356 (அவதூறு) பொருந்தும். பாதிக்கப்பட்டவர்தான் நேரடியாக மாஜிஸ்ட்ரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும், ஸ்டேஷனில் அல்ல. குற்ற வழக்குக்கு 3 ஆண்டு, நஷ்ட ஈட்டுக்கு ஓராண்டுதான் கெடு.

இதே அளவுகோல் உங்கள் துண்டறிக்கைக்கும் உண்டு. எதிர்த்தரப்பு செய்ததை, தேதியோடு, ஆதாரத்தோடு எழுதுங்கள். "பயங்கரவாதி" என்று பெயரோடு சேர்த்து அச்சடித்தால் 356 உங்கள் வீட்டுக்கு வரும். குழு அட்மின் என்பதற்காக மட்டும் மற்றவர் பதிவுக்குப் பொறுப்பாக்க முடியாது என்று மதுரைக் கிளையே 2021-இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் உங்கள் குழுவில் யாராவது இன்னொருவரை அப்படி எழுதிப் போட்டால் அழித்துவிட்டு, அழித்ததாகக் குழுவில் ஒரு வரி போடுங்கள். அந்த வரியையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.