ஒற்றை இறகிலிருந்து தொடங்குங்கள்: மறுமலர்ச்சிக் காலப் பறவை நுண்ணோவிய முறை

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பியர் பறவைகளை வரைந்த முறையைக் கற்க விரும்புபவர், முழுப் பறவையை எடுத்துக்கொள்ளாமல் ஒற்றை இறகில் தொடங்குவதே நல்லது. அதற்கு முன், ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் வரைந்த பனங்காடையின் சிறகைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியம் பக்கத்துக்கு ஏறத்தாழ 20 செ.மீ. மட்டுமே, ஆயினும் நீலமும் பச்சையும் ஒன்றில் ஒன்று கரையும் இடத்தில்கூட இறகுகளின் இழைகள் தனித்தனியே தெரியும்.

டியூரர் அதைக் கன்றுத்தோலில் வரைந்தார். தோல் ஈரம் பட்டால் நெளியும் என்பதால், அதைப் பலகையில் இழுத்துப் பொருத்தி, நுரைக்கல் தூளால் மெல்லத் தேய்த்து எண்ணெய்ப் பசையை நீக்கிய பிறகே வரையத் தொடங்க வேண்டும். தோல் கிடைக்காதவர்களுக்கு வழவழப்பான, கனத்த பருத்தித் தாள் போதும். அக்காலத்தினர் பயன்படுத்திய ஈய வெள்ளை நச்சுத்தன்மை உடையது. டைட்டானியம் வெள்ளையையே பயன்படுத்துங்கள்.

முதலில் இறகின் நடுத்தண்டை ஒரே வளைகோடாக வரையுங்கள். பறக்க உதவும் இறகுகளில் தண்டின் ஒரு பக்கம் குறுகலாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும். இதைக் கவனிக்காமல் இரு பக்கத்தையும் சமமாக வரைந்தால், எவ்வளவு நுணுக்கமாக வண்ணம் தீட்டினாலும் அது இலைபோலவே தோன்றும். அடுத்து, நீர்த்த வண்ணத்தை ஒளி ஊடுருவும்படி இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் நன்றாக உலர்ந்த பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். பனங்காடையின் நீலம் நிறமியால் வருவதன்று. இழைகளின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. அதனால் குப்பியிலுள்ள எந்த ஒரு நீலமும் தனியாக அதற்கு ஈடாகாது. பச்சை கலந்த நீலத்தின் மேல் ஆழ்ந்த நீலத்தை மெல்லிதாக ஏற்றும்போதுதான் அந்த உயிர்ப்பு வரும்.

இனித்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. தூரிகையைத் துணியில் ஒற்றி ஏறக்குறைய உலர்த்திக்கொண்டு, தண்டிலிருந்து விளிம்பை நோக்கிச் சாய்வாக, மயிரிழைக் கோடுகளாக இழுங்கள். கோடு முடியும் இடத்தில் தூரிகை தானாக மேலெழ வேண்டும். இழைகள் பிரிந்து கிடக்கும் இடங்களைச் சரிசெய்துவிடாதீர்கள், ஏனெனில் அந்தப் பிளவுகளே அதை இன்னதொரு பறவையின் இறகாகக் காட்டுகின்றன. ஒளிபுகா வெள்ளையைக் கடைசியில், தண்டின் மீதும் ஒளிபடும் விளிம்பிலும் மட்டும் வைக்க வேண்டும்.

முழுப் பறவைக்குச் செல்லும்போது, மாதிரி உங்களிடம் எந்த நிலையில் வந்தது என்பதைக் கேட்டறியுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்த சொர்க்கப்பறவைத் தோல்கள் பலவற்றில் கால்கள் இல்லை, பதப்படுத்தியவர்கள் நீக்கியிருந்தார்கள். பார்த்ததை நேர்மையாகவே வரைந்த ஓவியர்களால், காலில்லாத பறவை என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலைத்தது. ஆகவே மாதிரியில் இல்லாத உறுப்பு எதுவாயினும் அதை ஊகித்து வரையாமல், இடத்தை வெறுமையாக விட்டு, ஓவியத்தின் ஓரத்தில் அதைக் குறித்துவையுங்கள்.