சிந்திக்க வைக்கும் பாடம்: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடக்குறிப்பில் ஆசிரியர் என்ன சொல்வார், எந்தப் படத்தைக் காட்டுவார் என்பதெல்லாம் வரிவரியாக இருக்கும்; அந்நேரத்தில் மாணவர் எதைத் தாமே முடிவுசெய்ய வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. பிற தவறுகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

சுற்றளவு, பரப்பளவுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, ஒரு கணக்கைச் செய்துகாட்டி, எண்களை மட்டும் மாற்றிப் பத்துக் கணக்குகளைக் கொடுத்தால், மாணவருக்குக் கிடைப்பது பெருக்கல் பயிற்சிதான். மாறாக, ‘20 மீட்டர் வேலியால் செவ்வகத் தோட்டம் ஒன்றை அடைக்க வேண்டும், எப்படி அடைத்தாலும் உள்ளிடம் ஒரே அளவுதானா?’ என்று கேளுங்கள். வேலி மாறாததால் இடமும் மாறாது என்றே பல பிள்ளைகள் முதலில் நினைப்பார்கள். 9-க்கு 1 என்று வரைந்தவருக்கு 9 சதுர மீட்டரும், 7-க்கு 3 என்று வரைந்தவருக்கு 21-உம், 5-க்கு 5 என்று வரைந்தவருக்கு 25-உம் கிடைக்கும்போது, யாருடைய கணக்கு பிழை என்ற வாக்குவாதம் தானாகவே எழும். சதுரத்தைச் செவ்வகம் என்று சொல்லலாமா என்று யாராவது மல்லுக்கு வந்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் ஆசிரியர் குறுக்கிட்டு முடிவைச் சொல்லிவிடுவதுதான் பெரிய தவறு.

இந்த அவசரம் புதிதன்று. அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, வினாவுக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதை 1970-களில் எடுத்துக்காட்டினார். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. பதிலே சொல்லாதிருப்பதும் குறைந்தது. மாணவர் விடை கூறி முடித்த பிறகும் அதே பொறுமை தேவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

1956-இல் வெளியாகி 2001-இல் திருத்தப்பட்ட, கற்றல் இலக்குகளை எளியதிலிருந்து கடினமான சிந்தனை வரை படிநிலைகளாகப் பிரிக்கும் புளூம் வகைப்பாட்டின் வினைச்சொற்களை மட்டும் பாடக்குறிப்பில் தூவுவது அடுத்த தவறு. ‘ஒப்பிடுக’, ‘பகுத்தாய்க’ என்று வினா தொடங்கினாலும், அதன் விடை முன்பே நோட்டில் எழுதிப்போடப்பட்டிருந்தால் அது மனப்பாட வினாவே.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: மனப்பாடத்தின்மீதுள்ள வெறுப்பில் விவரங்களையே ஒதுக்கிவிடுவது. குறுவை எப்போது நடப்படுகிறது, மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறக்கும் வழக்கம் ஏன் வந்தது என்று அறியாத மாணவர்களிடம் காவிரி நீர்ப் பங்கீட்டைப் பற்றி விவாதிக்கச் சொன்னால், வீட்டில் கேட்டதைத்தான் உரக்கச் சொல்வார்கள்.

குழுச் செயல்பாட்டில் ஒருவரே எழுத மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதைத் தடுக்க, முதலில் ஒவ்வொருவரும் தம் விடையைத் தனியே எழுதிய பின் பேசவைத்தால் போதும். தேர்வைத்தான் அவ்வளவு எளிதில் சரிசெய்ய முடியாது. வகுப்பில் காரணம் கேட்டுவிட்டுத் தேர்வில் சூத்திரத்தை மட்டும் கேட்டால், எது முக்கியம் என்பதை மாணவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஆகவே, தவறாகச் செய்யப்பட்ட கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பிழை எங்கே, ஏன் என்று கேட்கும் வினா ஒன்றையாவது சேர்த்து, காரணத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.