புதுப் பாட்டைக் கடைசி வரியிலிருந்து சொல்லிக்கொடுங்கள்

வகுப்பில் புதுப் பாட்டு கற்றுத்தரும்போது கடைசி வரியில் தொடங்குங்கள். எட்டு வரிப் பாட்டு என்றால் முதலில் எட்டாவது வரி, அப்புறம் ஏழும் எட்டும், பிறகு ஆறிலிருந்து எட்டு வரை என்று பின்னாலிருந்து முன்னால் வரவேண்டும். அதற்கு முன் முழுப் பாட்டையும் ஒருமுறை பாடிக் காட்டிவிடுங்கள். மெட்டு எங்கே போய் முடிகிறது என்று காதில் விழுந்திருக்க வேண்டும்.

வழக்கமான முறையில் ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலிருந்து பாடுவதால் முதல் வரிக்கு எட்டுத் தடவை பயிற்சி கிடைக்கும், கடைசி வரிக்கு ஒரே தடவைதான். அதனால்தான் கணீரென்று தொடங்கிய வகுப்பு முடிவில் முணுமுணுக்கிறது. பின்னாலிருந்து வந்தால் மாணவர்கள் எப்போதும் தெரியாத வரியிலிருந்து தெரிந்த வரிக்குள் போகிறார்கள், குரல் தானாகவே எழும். குரல் உடையும் வயதில் வாய்திறக்கக் கூச்சப்படும் பையன்களுக்கு இந்தத் தெம்பு ரொம்பவே முக்கியம். ஒவ்வொரு முறையும் எடுப்பு ஸ்வரத்தை (பாடத் தொடங்கும் வரியின் முதல் ஸ்வரத்தை) மட்டும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள், நடுவில் தொடங்குகிறவர்களுக்கு அது இல்லாமல் சுருதி பிடிபடாது.

கீபோர்டு, வயலின், புல்லாங்குழல் எதிலும் சிக்கலான பகுதிக்கு இதே வழி உதவும்.

ஒரே வரியைச் சங்கதி சங்கதியாக, அதாவது மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாடி, வளர்க்கும் கீர்த்தனைக்கு மட்டும் இது வேண்டாம். அங்கே ஒவ்வொரு சங்கதியும் முந்தையதன் மேல்தான் நிற்கிறது. எல்லா வரிக்கும் ஒரே மெட்டு என்றாலும் இது தேவையில்லை.