ஓமன் கடற்கரையில் இரண்டு நாள்: மஸ்கட்டிலிருந்து சூர் வரை

நவம்பர் முதல் மார்ச் வரை போங்கள். மற்ற மாதங்களில் வெயில் ஆளை வாட்டிவிடும். சூர் சாலையில் பேருந்தை நம்பினால் பாதி இடங்கள் விட்டுப்போகும். வாடகைக் கார்தான் சரி.

மஸ்கட்டின் சுல்தான் கபூஸ் பெரிய மசூதியை காலை 8 மணிக்கே பார்த்துவிடுங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 11 வரைதான் அனுமதி, வெள்ளிக்கிழமை கிடையாது. பெண்கள் தலை, கை, கால் மூடிய உடையில் வர வேண்டும்.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் வாடி ஷாப் பள்ளத்தாக்கு. இதற்காகவே ஓமன் போகலாம்! படகில் அக்கரை சேர்ந்து முக்கால் மணி நேரம் பாறைவழி நடை. பிறகு பச்சைநீர்க் குளங்களை நீந்திக் கடக்க வேண்டும். கடைசிக் குளத்தின் முடிவில் இரு பாறைகளுக்கு நடுவே, நீருக்கு மேல் தலை மட்டும் நுழையும் இடுக்கு. உள்ளே புகுந்தால் குகைக்குள் அருவி கொட்டும். சில இடங்களில் கால் எட்டாது. நீச்சல் தெரியாதவர்கள் குளங்களுக்கு முன்பே நின்றுவிடுங்கள். செருப்பு பாசியில் வழுக்கும், பிடிப்புள்ள நீர்க்காலணி போடுங்கள். கைப்பேசிக்கு நீர்புகாப் பை அவசியம். மலையில் மழை என்றால் போகவே கூடாது: இங்கே வெயில் அடிக்கும்போதே மேலிருந்து வெள்ளம் பாய்ந்து வரும்.

சூரில் இன்றும் மரக்கலம் கட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் அதற்கான தேக்கு மலபாரிலிருந்து போனது. இரவில், சூருக்கு அப்பால் உள்ள ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரையில் பச்சை ஆமைகள் முட்டையிட கரையேறும். வழிகாட்டியோடுதான் அனுமதி, முன்பதிவு செய்யுங்கள். டார்ச், ஃபிளாஷ் வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.