குகைச் சுவர்க்கோழியில புது இனமா? அவசரத்துல பண்ற தப்புகள்

குகைக்குள்ள பறக்காத சுவர்க்கோழி ஒண்ணு, புது இனம்னு செய்தி வந்தா போதும், "இருட்டுல பறக்க வேலை இல்ல, அதான் சிறகு போயிடுச்சு"ன்னு உடனே காரணம் சொல்லிடுறாங்க. பெரும்பாலும் அது தப்பு. குகைச் சுவர்க்கோழின்னு நாம சொல்றதுல பெரும்பாலானது ராஃபிடோஃபோரிடேங்கிற குடும்பம், அந்தக் குடும்பத்துல எதுக்குமே சிறகு கிடையாது, காட்டுல இலைச்சருகுக்கு அடியில, மரப்பொந்துல இருக்குறதுக்கும்தான். சிறகு இல்லாம போனது முன்னாடி, குகைக்குள்ள போனது பின்னாடி. குகை வாழ்க்கையோட அடையாளம் வேணும்னா ரொம்ப நீண்ட கால், நீண்ட உணர்கொம்பு, வெளுத்த உடம்பு, சிறுத்த கண், இதுகளைத்தான் பாக்கணும். எல்லாத்துலயும் இதெல்லாம் இருக்காது, நல்லா கண்ணு தெரியுற இனங்களும் நிறைய இருக்கு.

சத்தத்தை வெச்சு தேடுறதும் வீண். சுவர்க்கோழி சிறகோட சிறகை உரசித்தான் கத்தும், சிறகில்லாத இந்தக் குடும்பம் அப்படி கத்தாது, மத்த சுவர்க்கோழிக்கு முன்னங்கால்ல இருக்குற காதும் இதுக்கு இல்ல.

எனக்கு ரொம்ப முக்கியமா படுற தப்பு வேற. குஞ்சை வளர்ந்த பூச்சின்னு நினைச்சுக்கிறது. சாதாரண சுவர்க்கோழில சிறகு முழுசா வளர்ந்திருந்தா அது வளர்ந்த பூச்சின்னு தெரிஞ்சுடும், இங்க அந்த வழியே இல்ல, குஞ்சும் அம்மா மாதிரியே சிறகில்லாம சின்னதா வெளுப்பா இருக்கும், அதை போட்டோ எடுத்து "சின்ன சைஸ், புது இனம்"னு சொல்லிட்டா கதை முடிஞ்சது. இனத்தைப் பிரிக்கிறது பெரும்பாலும் வளர்ந்த ஆணோட வயித்து நுனியும் இனப்பெருக்க உறுப்பும் கால் முள்ளும்தான், போட்டோல இது எதுவும் சரியா தெரியாது. அதனாலதான் புது பேர் வைக்கும்போது ஒரே ஒரு பூச்சியை மூல மாதிரியா குறிச்சு மியூசியத்துல வைக்கிறாங்க, நாளைக்கு சந்தேகம் வந்தா யாரும் போய் ஒப்பிட்டுப் பாக்கலாம். இதுக்காக நீங்களே பிடிச்சு பாட்டில்ல போடாதீங்க, அனுமதி வாங்கின ஆராய்ச்சியாளர்கிட்ட சொல்லுங்க. பெண்ணுக்கு பின்னாடி வாள் மாதிரி நீட்டிட்டு இருக்குறது முட்டை வைக்கிற குழாய், கொட்டாது, பயந்து அடிச்சுடாதீங்க.

புது இனம்னா நேத்துதான் உருவாச்சுன்னு அர்த்தமில்ல. மியூசியம் அலமாரில பல வருஷம் பேரில்லாம கிடந்துட்டு பிறகு பேர் வாங்கினதும் உண்டு.

அடுத்து, குகையை மட்டும் காப்பாத்தினா போதும்னு நினைக்கிறது. நிறைய இனங்கள் ராத்திரி வெளிய வந்து காட்டுல மேஞ்சுட்டு திரும்ப உள்ள போறவை, அதுங்க எச்சமும் முட்டையும்தான் உள்ள இருக்குற மத்த உயிர்களுக்கு சாப்பாடு. அமெரிக்காவுல கென்டக்கியில இருக்குற மாமத் குகைல ஹடினீகஸ் சப்டெரேனியஸ்ங்கிற சுவர்க்கோழி மணல்ல முட்டை புதைக்கும், கண்ணில்லாத ஒரு வண்டு அதைத் தோண்டித் தோண்டி தின்னு பிழைக்குது. வெளிய இருக்குற காட்டை வெட்டிட்டு குகை வாசலுக்கு கேட் போட்டு என்ன பிரயோஜனம்?

குகையோட சரியான இடத்தை மேப்போட பகிராதீங்க, கூட்டம் கூடி மிதிச்சே அழிச்சுடும், சில இனம் ஒரே ஒரு குகையில மட்டும்தான் இருக்கும். ஒரு குகைல போட்ட ஷூ, கயிறு, ஹெல்மெட்டை அடுத்த குகைக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி நல்லா சுத்தம் பண்ணுங்க. 2006-ல நியூயார்க் மாநிலத்து குகைல முதல்ல தெரிஞ்ச, வௌவாலைக் கொல்ற 'வெள்ளை மூக்கு' நோயோட பூஞ்சை, ஷூவுலயும் துணியிலயும் ஒட்டிட்டுப் போகக்கூடியது.